மலை மாணாக்கரும் மொழிபெயர்ப்புப் பரீட்சையும்

ஜவ்வாது மலையைச் சார்ந்த புலியூர் என்னும் சிற்றூரின் ஸ்ரீபதி அம்மையார், தமது 23-ம் வயதில் சிவில் நீதிபதிப் பதவிக்குத் தேர்ச்சி பெற்றார் என்ற செய்தி 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வெளிவந்தபோது, தமிழ்நாடெங்கும் ஜனங்கள் களிப்புற்றனர். முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் வாழ்த்துக் கூறினார். மலையாளிப் பழங்குடியில் பிறந்த இப்பெண்மணி, பிரசவமாகி இரண்டொரு தினங்களுக்குள் இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் பிரயாணம் செய்து, 2023 நவம்பரில் சென்னையில் பிரதான பரீட்சை எழுதினார் என்பதை எல்லோரும் வியந்து பேசினர். வியப்பதற்குரிய விஷயமே. ஆனால் அப்பரீட்சையில் அவர் எழுதியது என்ன என்பதை விசாரித்தவர் வெகு சிலர். நாம் இன்று எடுத்துக்கொள்ள விரும்புவது அதைத்தான்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் சிவில் நீதிபதிப் பரீட்சையில் சட்டத்துக்குரிய தாள்கள் மூன்று. அவற்றோடு மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் உண்டு. அதற்கு 100 மார்க்கு. சாட்சிகளின் வாக்குமூலம், தீர்ப்பு, பத்திரம் ஆகியவற்றிலிருந்து பகுதிகளை எடுத்துக் கொடுத்து, இங்கிலீஷிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கும் பெயர்க்கச் சொல்லுகிறார்கள். தாள்தோறும் குறைந்தபட்ச மார்க்கு வாங்கியாக வேண்டுமாதலால், சட்டத்தில் கரைகண்டவரும் இதில் சறுக்கினால் வீடு திரும்ப வேண்டியதுதான். தமிழ் வழியில் கற்றோருக்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாக வழங்கும் 2010-ம் வருஷத்துச் சட்டம் மிகவும் நல்லதொரு சட்டம். ஆயினும் அச்சட்டத்தின் துணை பெற்றவருக்கும் இத்தாளிலிருந்து விலக்குக் கிடையாது.

விலக்கு வேண்டுமென்று நாம் கேட்கவுமில்லை. இந்தத் தாள் அங்கே இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1956-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தத்தினால், கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியத்தைத் தமிழில் பதியவும் தீர்ப்பைத் தமிழில் எழுதவும் வழி ஏற்பட்டது. அரசியலமைப்பின் 348-வது ஷரத்தோ ஹைகோர்ட்டின் பாஷை இங்கிலீஷ் என்கிறது. ஹைகோர்ட்டில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று 2006-ல் சட்டசபை தீர்மானித்தும் அவ்விடம் இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே போளூரிலோ திருப்பத்தூரிலோ ஓர் ஏழைக் குடியானவன் தமிழில் சொன்ன சாட்சியம், அப்பீல் என்று ஒன்று ஏற்பட்டவுடன் இங்கிலீஷ் உடுப்பு மாட்டிக்கொண்டு சென்னைக்குப் போகவேண்டியிருக்கிறது. வழியில் ஒரு சொல் தவறினால் ஒரு காணி நிலம் தவறும். சில சமயம் ஒரு மனிதனின் சுதந்தரமே தவறும். இந்த ஏற்பாடு உள்ளவரையில் நீதிபதியாக வருபவர் இரு பாஷையும் அறிந்தவராயிருப்பது அவசியமே.

நமது கேள்வி வேறு. பட்டம் பெற்ற மலை மாணாக்கர் இத்தகைய பரீட்சைக்கு எங்கே, யாரிடம், எவ்விதம் ஆயத்தம் செய்துகொள்வது?

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடப்பது. அதன் மேலே காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று நிற்கிறது. ஆகாயத்தின் கோடியிலுள்ள நட்சத்திரங்களைக் குறித்து அங்கிருந்து எழுதப்படும் ஆராய்ச்சிகள் இங்கிலீஷில் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. அதே மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில், சாமை விதைத்தும் தேனும் கடுக்காயும் சேகரித்தும் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை, பள்ளியில் ஒரு முழு வாக்கியத்தை இங்கிலீஷில் அமைத்து எழுதப் பழகுவதற்கே வகையின்றித் தவிக்கிறான். மலைமேல் ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறையார் ஏற்படுத்திய உண்டு உறைவிடப் பள்ளிகள் உள. வனத்துறையார் ஏற்படுத்திய பள்ளிகளும் உள. அவை இல்லாவிட்டால் இம்மக்களுக்கு எழுத்தறிவே ஏற்பட்டிராது என்பதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பல பாடங்களை ஓர் உபாத்தியாயர் தலையில் சுமத்தி, இங்கிலீஷையும் அந்த மூட்டையிலேயே கட்டிவிட்டால், பாஷை எப்படி வரும்? கல்லூரிக்குக் கீழே இறங்கிய பிறகு இந்தக் குறையை யார் தீர்ப்பது?

பட்டணத்தில் இதற்கென்று வியாபாரம் ஒன்று நடக்கிறது. இங்கிலீஷ் தேர்ச்சிப் பரீட்சை என்றதும் நம் வாலிபர்கள் நினைப்பது, அயல்நாட்டுச் சர்வகலாசாலைகள் கேட்கும் டோபல், ஐயெல்ட்ஸ் ஆகியவற்றைத்தான். முன்னது 1964-ல் தொடங்கியது, பின்னது 1989-ல். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு வகையில் அவை சோதிக்கின்றன. கடல் கடந்து போய் மொழிபெயர்ப்புக் கலையில் உயர்ந்த பட்டம் பெற விரும்புவோர் அவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷை இங்கிலீஷுக்குள்ளேயே அளக்கும் கோல்கள் அவை. ஒரு பாஷையின் பொருளை மற்றொரு பாஷைக்கு எடுத்துச் செல்லும் திறமை ஒருவரிடம் உண்டா என்பதை அவை கேட்பதில்லை. நுனி நாக்கில் இங்கிலீஷ் உருள்கிறவரெல்லாம் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டால், நம் நாட்டில் இந்நேரம் மொழிபெயர்ப்புக்குப் பஞ்சமே இருந்திராது!

மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டிய இங்கிலீஷ் வேறு விதமானது. உச்சரிப்பின் அழகு அதற்குப் பெரிதில்லை. ஒரு சொல் நிற்கும் இடத்தை அறிந்து பொருள் கொள்வதே பெரிது. ‘எக்ஸிக்யூஷன் பெட்டிஷன்’ என்பதை ‘தூக்குத் தண்டனை மனு’ என்று ஒருவர் எழுதினால் சிரிப்போம். அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்ட குற்றம் தவிர அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் மனு என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கிரயப் பத்திரத்தில் வரும் ‘கன்ஸிடரேஷன்’ ஆலோசனை அன்று, அது பிரதிபலன். மனுவின் கடைசியில் கேட்கும் ‘ரிலீப்’ ஆறுதல் அன்று, அது பரிகாரம். ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்பதைத் தப்பெண்ணம் இல்லாமல் என்று பெயர்த்தால், உரிமைக்குப் பாதகமில்லாமல் என்ற உயிரான பொருள் ஓடிப்போகும். ‘ஷல்’ என்பதற்கும் ‘மே’ என்பதற்கும் இடையேயுள்ள தூரம், செய்தே தீரவேண்டும் என்பதற்கும் செய்யலாம் என்பதற்கும் உள்ள தூரம். இவை எவையும் கடைகளில் விற்கும் ‘கைடு’ புத்தகத்தை நெட்டுருச் செய்வதால் வருபவையல்ல. பழைய தீர்ப்புகளையும் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் பெயர்த்ததை மற்றொருவர் திருத்தி, திருத்தியதற்குக் காரணம் சொல்லிப் பழகுவதால் வருபவை.

தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போகும்போது நேரும் சங்கடங்கள் இன்னும் நுட்பமானவை. ‘அவர் வந்தார், கதவைப் பூட்டினார்’ என்று சாட்சி சொல்லுகிறான். வந்தவர் ஆணா, பெண்ணா? மரியாதைப் பன்மையில் தமிழ் அதை மறைத்துவிட்டது. இங்கிலீஷோ ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. பெயர்ப்பவர் வாக்குமூலத்தின் முன்பின் பகுதிகளைத் தேடிப் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் ஆகிய மூவரையும் ‘அங்கிள்’ என்ற ஒரே பானையில் இங்கிலீஷ் போட்டுவிடும். பாகப்பிரிவினை வழக்கில் தந்தையுடன் பிறந்தவனும் தாயுடன் பிறந்தவனும் ஒன்றாவார்களோ? பங்காளி என்ற சொல்லுக்கு ஒரே சொல்லில் இங்கிலீஷ் உண்டா? அனுபோகம், வில்லங்கம், பட்டா, அடங்கல் என்று நம் கிராமத்தார் நாவில் தினமும் புழங்கும் சொற்களின் பின்னே எவ்வளவு சட்டம் இருக்கிறது!

இந்த இடத்தில்தான் மலைப் பிள்ளைகளின் பலம் தெரிகிறது. மலையாளி என்ற பெயரைக் கேட்டு அவர்கள் கேரள தேசத்தார் என்று மயங்குவோர் இன்றும் உண்டு. அவர்களுடைய தாய்பாஷை தமிழ். காட்டு நிலத்தின் எல்லையையும், மரத்தின் மேலுள்ள உரிமையையும், உறவு முறையின் நுட்பத்தையும் குறிக்கும் சொற்கள் அவர்களுக்கு வீட்டுச் சொற்கள். பட்டணத்தில் இங்கிலீஷ் வழியிலேயே படித்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் ஒரு கிராமத்துச் சாட்சியின் வாக்குமூலத்தைப் பொருள் விளங்காமல் விழித்துப் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்புக்கு வேண்டிய இரண்டு கைகளில் மலை மாணாக்கருக்கு ஒரு கை ஏற்கனவே வலுவாயிருக்கிறது. மற்றொரு கைக்குப் பயிற்சி கொடுக்காமல் விட்டுவிட்டு, இவனுக்குத் திறமை போதாது என்று சொல்லுவது நியாயமன்று.

மொழிபெயர்ப்பு வழியாக நீதிபதி ஸ்தானத்தை அடைவது தமிழர்க்குப் புதிதுமன்று. 1826-ல் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் ஆவணக் காப்பாளராயும் மொழிபெயர்ப்பாளராயும் இருந்து, பிறகு ஜில்லா முன்சீப் ஆனவர். 1805 முதல் 1861 வரையில் உயர்ந்த கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கித் திரட்டி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862-ல் வெளியிட்டார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்றே அவரை நாம் நினைக்கிறோம். தீர்ப்புகளைத் தமிழில் படித்தறியும் வாய்ப்பை இங்கிலீஷ் அறியாதவருக்குத் திறந்துவிட்டவர் என்று நினைப்பதில்லை.

மொழிபெயர்ப்பு பழுதுற்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூஜீலந்து ஒரு சாட்சி. 1840-ம் வருஷம் பிப்ரவரியில் வைத்தாங்கி என்னுமிடத்தில் அத்தீவின் ஆதிகுடிகளான மாவோரியருக்கும் பிரிட்டிஷ் மகுடத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இங்கிலீஷ் மூலத்தை ஹென்ரி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவருடைய குமாரரும் ஒரே இரவில் மாவோரி பாஷைக்குப் பெயர்த்தனர். இங்கிலீஷில் முழு இறைமை என்றிருந்த இடத்தில், நிர்வாகம் என்று மட்டும் பொருள்படும் சொல் மாவோரியில் விழுந்தது. தலைவர்கள் கையொப்பமிட்டது ஒன்று. அவர்கள் இழந்தது வேறொன்று. அதை விசாரிக்க 1975-ல் ஒரு டிரைபியூனலை ஏற்படுத்த நேர்ந்தது. வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பாஷை தெரியாத கோர்ட்டில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை நம் மலைப் பிரதேச ஜனங்களே அறிவார்கள். செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஆந்திரச் சிறைகளில் அடைபட்டவர்களில் ஜவ்வாது மலையினர் பலர். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலக் காட்டில் போலீசாரின் துப்பாக்கிக்கு 20 தமிழர் இரையானதை நாடு மறக்கவில்லை. 2013 டிசம்பரில் வன அதிகாரிகள் இருவர் கொலையுண்ட வழக்கிலோ, 280-க்கு மேற்பட்ட தமிழர்களைத் திருப்பதி கோர்ட்டு 2016 மார்ச்சில் குற்றமற்றவரென்று விடுவித்தது. அவர்களில் பலர் அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கழித்துவிட்டனர். குற்றவாளி எனப்பட்டவனுக்கு விளங்காத பாஷையில் சாட்சியம் இருந்தால் அதைத் திறந்த கோர்ட்டில் அவனுக்கு விளக்கிச் சொல்லவேண்டும் என்று நடைமுறைச் சட்டம் விதிக்கிறது. சட்டம் விதித்து என்ன பயன்? விளக்குவதற்கு ஆள் வேண்டுமே! அந்த மலையிலிருந்தே இரு பாஷை, மூன்று பாஷை கற்ற வக்கீல்களும் மொழிபெயர்ப்பாளர்களும் புறப்பட்டால், அந்த ஜனங்களுக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

யந்திரம் வந்துவிட்டதே, இனி மனிதர் எதற்கு என்று கேட்போர் உண்டு. சுப்ரீம் கோர்ட்டே 2019-ல் தீர்ப்புகளைப் பெயர்க்க ஒரு யந்திர முறையைத் தொடங்கியது மெய். ஆனால் தமிழாக்கம் அறிந்துகொள்வதற்கு மட்டுமே, இங்கிலீஷே பிரமாணம் என்ற எச்சரிக்கையும் அதனோடு கூடவே வருகிறது. யந்திரம் பெயர்த்ததைச் சரியென்றும் தப்பென்றும் சொல்லுவதற்கு இரு பாஷையும் அறிந்த மனிதர் முன்னைவிட அதிகம் வேண்டியிருக்கிறது.

ஆதலால் அரசாங்கத்தாரை நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஜமுனாமரத்தூரில் பட்டதாரிகளுக்கென மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றை நிலையாக நடத்தவேண்டும். பரீட்சை அறிவிப்பு வந்தபின் அவசரத்தில் கூட்டும் வகுப்பு உதவாது. வருஷம் முழுவதும் வாரந்தோறும் எழுதித் திருத்தும் வகுப்பாயிருக்கவேண்டும். காட்பாடியிலுள்ள சட்டக் கல்லூரியின் ஆசிரியர்களையும், சுற்று வட்டாரத்தின் ஓய்வு பெற்ற நீதிபதிகளையும், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர்களையும் முறை வைத்து அழைத்து, உரிய ஊதியம் கொடுக்கலாம். முடிந்துபோன வழக்குகளின் காகிதங்களில் பெயர்களை நீக்கிப் பாடமாக வழங்கலாம். சென்னைச் சர்வகலாசாலைக்காக அ. சிதம்பரநாதச் செட்டியார் பதிப்பித்த ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியமும், அரசாங்கத்தார் வெளியிட்ட சட்டச் சொல் தொகுதியும் பல பிரதிகள் அங்கே இருக்கட்டும். கைபேசி அலை எட்டாத ஊர்கள் இன்னும் உள்ள மலையில், எல்லாம் கணினியில் கிடைக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது தகாது. தங்கிப் படிக்கும் பெண்களுக்கு விடுதியும், கைக்குழந்தையோடு வருவோருக்குத் தனி அறையும் வேண்டும் என்பதைச் சென்ற பரீட்சையே காட்டிவிட்டது.

அடியிலிருந்தே சீர்ப்படுத்தவும் வேண்டும். மலைப் பள்ளிகளில் இங்கிலீஷுக்கெனத் தனி உபாத்தியாயர்களை நியமித்து, ஆறாவது வகுப்பிலிருந்தே தினம் ஐந்து வாக்கியம் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கும் ஐந்து வாக்கியம் மறுபடியும் தமிழுக்கும் பெயர்க்கும் பழக்கத்தைத் தொடங்கலாம். தாய்பாஷையை வகுப்பிலிருந்து விரட்டினால்தான் இங்கிலீஷ் வரும் என்ற மூட நம்பிக்கையை மலைக்கு மேலும் ஏற்றவேண்டாம். வரும் பட்ஜெட்டில் பழங்குடியினர் நலத்துறைக்கான மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்ட அங்கத்தினர்கள் இந்த ஒரு வகுப்புக்கான தொகையைப் பெயர் குறித்துக் கேட்கவேண்டும். மந்திரியார் தேதி குறித்துப் பதில் சொல்லவேண்டும்.