செழியனுக்கு என்ன குறை?

ஆண்மகவு பிறந்த இல்லங்களில் அரசப் பெயர் தேடும் ஆவல் நம்மவரிடையே என்றும் குறைந்ததில்லை. இராசேந்திரன், இராசசேகரன், விக்கிரமன் என்பன தயக்கமின்றி ஏற்கப்படுகின்றன. இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. கங்கைவரை படை நடத்திய சோழன் பூண்ட பெயரன்றோ முதற்பெயர்! ஆனால் 'செழியன்' என்று எவரேனும் சொல்லிவிட்டால், "வடபுலத்தில் வாழ்கிறோம், பிறர் வாயில் நுழையாதே" என்னும் மறுமொழி உடனே எழுகிறது. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

பெயர்ப் பட்டியல் நூல்கள் இதற்கு 'அரசன்' என ஒரே சொல்லிற் பொருளெழுதி அமைகின்றன. சோம்பலின் விளைவு அது. வளவன் எனில் சோழன், பொறையன் எனில் சேரன். அவ்வாறே செழியன் எனில் பாண்டியன். செழுமையின் அடியாகப் பிறந்த குடிப்பெயர் எனக் கொள்வதே பொருந்தும். இதன் தொன்மைக்கு ஏட்டை மட்டும் நம்பவேண்டுவதில்லை. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில், சமணத் துறவிக்கு அமைத்த உறைவிடத்தைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் இப்பெயர் 'நெடுஞ்சழியன்' என்னும் வடிவில் நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட எழுத்து அது.

தலையாலங்கானத்து வென்றவனை மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிற் பாடினார். வெற்றி மட்டுமா இப்பெயருக்குரியது? கற்றவன் கீழ்க்குலத்தானாயினும் மேற்குலத்தான் அவனிடம் சென்று பயில்வான் எனப் புறநானூற்றில் உரைத்தவனும் ஒரு நெடுஞ்செழியனே. தான் வழங்கிய தீர்ப்பு தவறென்று உணர்ந்த அளவில் அரியணையிலேயே உயிர்விட்ட மன்னனாகச் சிலம்பு காட்டுபவனும் ஒரு நெடுஞ்செழியனே. ஆணை செலுத்தியோர் பெயர்கள் ஆயிரம் உள. தன் பிழைக்குத் தானே விலை கொடுத்தவன் பெயர் எத்தனை மொழியில் உண்டு?

20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ்ப் பெயர் சூடும் வேட்கை எழுந்தபோது இது மீண்டும் தழைத்தது. 1920இல் நாராயணசாமியாகப் பிறந்தவரே பின்னர் நாவலர் நெடுஞ்செழியன் ஆனார். அவர் இளவல் இரா. செழியன் நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் அமர்ந்தார். தில்லி அப்பெயரைப் பல்லாண்டு கேட்டது. நா ஒன்றும் முறிந்துவிடவில்லை.

வடநாட்டு ஆசிரியர் ழகரத்தை ஜகரமாக ஒலிப்பது உண்மையே. நம் இல்லங்களில் 'செளியன்' என அழைக்கும் தமிழரை என்னென்பது? முதலில் வீட்டில் ழகரம் திருந்தட்டும். பள்ளியில் பிள்ளை ஆசிரியருக்கு இருமுறை சொல்லிக் காட்டட்டும். வங்காளியர், பஞ்சாபியர் பெயர்களை நாமும் அவ்வாறே கற்றோம்.