சொந்தச் சரித்திரமும் பாடமாக வேண்டும்

கிறிஸ்தவ சமயச் சார்புடைய ஒரு சர்வகலாசாலையில் சரித்திரத்தையும் அரசாட்சி இயலையும் கற்பது நன்மை தருமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், பக்தி குடிகொண்ட இடத்தில் பாரபட்சமற்ற ஆராய்ச்சி தழைக்காது என்று ஒரு சாரார் சொல்வதும், குருமார்கள் நடத்தும் கல்விச்சாலையின் ஒழுக்கமும் கட்டுப்பாடுமே மாணவனைக் கரைசேர்த்துவிடும் என்று மற்றொரு சாரார் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. முன்னவர் விசுவாசத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பின்னவர் கல்வியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அந்த ஸ்தாபனம் தன் சொந்தச் சரித்திரத்தின் ஏடுகளைத் தன் மாணவனிடமே தந்து, 'படித்துத் தீர்ப்புச் சொல்' என்று கேட்கும் துணிவுடையதா என்பதைக் கொண்டே அங்குக் கிடைக்கும் கல்வியின் தரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு அமெரிக்காவிலுள்ள ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையைக் காட்டிலும் பொருத்தமான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. அந்நாட்டின் முதல் கத்தோலிக்க மேற்றிராணியாரான ஜான் கேரல் 1789-இல் ஸ்தாபித்து, சேசு சபையாரின் பராமரிப்பில் வளர்ந்த அந்த வித்தியாசாலை, தேசத்தின் தலைநகரிலேயே பொட்டோமாக் நதிக்கரையில் அமைந்திருப்பதாலும், எட்மண்ட் வால்ஷ் என்ற குருவானவர் 1919-இல் தொடங்கிய வெளிநாட்டுச் சேவைப் பள்ளி அங்கே இருப்பதாலும், ராஜதந்திரிகளையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் உருவாக்கும் இடமென்று உலகெங்கும் பிரசித்தி பெற்றது. முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டன் அங்குப் படித்தவரே.

இத்தகைய கீர்த்தி வாய்ந்த கல்விச்சாலை கடன் சுமையால் தள்ளாடிய ஒரு காலம் உண்டு. மேரிலாந்தில் சேசு சபையாருக்குச் சொந்தமாக இருந்த தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் பாடுபட்டு வந்தார்கள். அவர்களுள் 272 பேரைத் தெற்கே லூயிசியானாவிலுள்ள பண்ணையார்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்பதற்கு, முன்னாளில் கல்லூரித் தலைவராயிருந்து அப்போது சபையின் மாகாணத் தலைவராக விளங்கிய தாமஸ் மல்லடி என்னும் குருவானவர், 1838-ஆம் ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். அந்தப் பத்திரத்தில் முதற்பெயராக நிற்பது ஐசக்; அறுபத்தைந்து வயதுக் கிழவர். அவர் பெயரை அடுத்து அவருடைய மக்களின் பெயர்களும் வயதும் வருகின்றன. அப்படியே குடும்பம் குடும்பமாக, பால் குடிக்கும் சிசுக்கள் வரையில், சந்தைச் சரக்கின் ஜாபிதாபோல் அந்த வரிசை நீண்டு செல்கிறது. இவர்களும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கரே என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதைக்கிறது.

குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்கள் தங்கள் வழிபாட்டைத் தொடர வகைசெய்ய வேண்டும், கிடைக்கும் பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனைகளின்மேல்தான் ரோமாபுரியிலிருந்த சபைத் தலைவர் இவ்விற்பனைக்குச் சம்மதித்திருந்தார். அந்நிபந்தனைகள் காற்றில் பறக்கவிடப்பட்டன: குடும்பங்கள் சிதறுண்டன; முதல் தவணைப் பணத்தின் பெரும்பகுதி கல்லூரியின் கடனை அடைத்தது. மல்லடியாரோ, பதவி இழந்து ரோமாபுரிக்கு அழைக்கப்பட்டபோதிலும், பிற்காலத்தில் கல்லூரி வளாகத்திலுள்ள ஒரு கட்டடத்தின் வாயிலாகத் தம் பெயர் நிலைக்கும் பேறு பெற்றார்.

இந்த விவரங்கள் அறிஞர் சிலருக்கு நெடுங்காலமாகத் தெரிந்தவையே. ஆயினும், 2015-இல் சர்வகலாசாலை ஓர் ஆராய்ச்சிக் குழுவை நியமித்ததும், மாணவர்கள் திரண்டு கிளர்ச்சி செய்ததும், சரித்திரப் பேராசிரியர்கள் பழைய பத்திரங்களைத் தொகுத்து எவரும் காணும்படி வெளியிட்டதும் சேர்ந்துதான் அந்த அறிவைப் பொதுச்சொத்தாக்கின. 1838-இல் விற்கப்பட்டவர்களின் சந்ததியாரில் பலர் லூயிசியானாவில் மேரிங்குவின் முதலிய ஊர்களில் இன்றும் கத்தோலிக்கராகவே வாழ்ந்து வருவது அப்போது உலகறியத் தெரிய வந்தது. 2017 ஏப்ரலில், அச்சந்ததியாரின் முன்னிலையில், சேசு சபையாரும் சர்வகலாசாலையாரும் மன்னிப்புக் கோரினார்கள். மல்லடியின் பெயர் தாங்கிய கட்டடம் ஐசக் ஹாக்கின்ஸ் என்னும் அந்த முதியவரின் பெயரைப் பெற்றது.

சரித்திரம் இதுவரை வழிகாட்டியது. இதற்குமேல் பதில் சொல்ல வேண்டியது அரசாட்சி இயல். முன்னோர் செய்த அநீதிக்குப் பின்னோர் கடன்பட்டவரா, அக்கடனைத் தீர்ப்பது யார், எந்த மன்றம் அதைத் தீர்மானிப்பது என்ற கேள்விகளைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே கண்டிருந்த மாணவர்கள், 2019-இல் தங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, 272 பேரின் நினைவாக ஒவ்வொரு பருவத்திலும் ஆளுக்கு 27 டாலர் 20 சென்ட் கட்டணமாகச் செலுத்திச் சந்ததியாரின் நலனுக்கு உதவுவதென்று, வாக்களித்தவருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவுடன் தீர்மானித்தார்கள். நிர்வாகம் அக்கட்டணத்தை விதிக்காமல், நன்கொடை திரட்டி ஆண்டுக்கு நான்கு லட்சம் டாலர் அளவில் உதவுவதாக அறிவித்தது. நிர்வாகம் அத்தீர்மானத்தை அப்படியே ஏற்றிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. தானாக முன்வந்து தோள்கொடுக்கும் இளைஞனின் தியாகத்துக்குச் செல்வந்தரின் நன்கொடை ஒருநாளும் ஈடாகாது.

பழைய குப்பையைக் கிளறினால் ஸ்தாபனத்தின் மானம் போகுமே, விசுவாசம் தளருமே என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அவர்களுடைய ஞானோபதேசமே மறுமொழி சொல்கிறது. பாவத்துக்காக மனஸ்தாபப்படுதல், அதைக் குருவானவரிடம் வாய்விட்டுச் சங்கீர்த்தனம் செய்தல், அதற்குரிய பரிகாரத்தை நிறைவேற்றுதல் என்ற மூன்றையும் ஒவ்வொரு கத்தோலிக்கனுக்கும் திருச்சபை விதித்திருக்கிறது. சேசு சபையை ஸ்தாபித்த இஞ்ஞாசியாரோ நாள்தோறும் ஆத்ம சோதனை செய்யுமாறு தம் சீடர்களைப் பணித்தார். ஏழைக் குடியானவன் முழந்தாளிட்டுச் செய்யும் இக்கடமையிலிருந்து, மாடமாளிகைகளும் மூலதனமும் உடைய ஒரு கல்வி ஸ்தாபனத்துக்கு மட்டும் விலக்கு உண்டோ? இங்கே சங்கீர்த்தனத்துக்குச் சரித்திரம் வேண்டும். பரிகாரத்துக்கு அரசாட்சி இயல் வேண்டும். கிறிஸ்தவ சர்வகலாசாலையில் இவ்விரு கல்வியும் பெறும் விசேஷ மகிமை இதுவே.

இதே சேசு சபையாரின் திருப்பணி நம் நாட்டிலும் ஆழ வேரூன்றியது. திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரி 1844-இலும், சென்னை லயோலாக் கல்லூரி 1925-இலும் அவர்களால் தொடங்கப்பெற்றுப் பல தலைமுறைகளை அறிவொளியில் வாழச்செய்தன. அந்நன்றியை நாம் மறத்தலாகாது. ஆனால் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து நிற்கும்படி இரு கூடங்களோடு கட்டப்பெற்ற கோவிலும், அக்கூடங்களைப் பிரித்து நின்ற சுவரை 1910-இல் அங்கிருந்த குருவானவர் இடித்துத் தள்ளியதும், உயர்ந்தோராகத் தம்மைக் கருதியவர்கள் தனியிடம் கோரிச் சென்னை உயர்நீதிமன்றம் வரையில் வழக்காடித் தோற்றதும் அதே திருப்பணியின் சரித்திரத்தில் அடங்கியவையே. சுவரைச் சகித்த குருமாரும் உண்டு, இடித்த குருவானவரும் உண்டு. சமயத்தின் உரிமை எது, குடிமகனின் உரிமை எது என்று எடைபோட்ட நியாயாதிபதிகளும் உண்டு. இதைவிடச் சிறந்த பாடம் நம் மாணவருக்கு வேறு எங்கே கிடைக்கும்?

ஆதலின், நம் கிறிஸ்தவக் கல்லூரிகளின் அதிபர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் ஆண்டுவிழா மலர்களில் ஸ்தாபகர்களின் புகழைப் பாடுங்கள். அத்துடன் உங்கள் பழைய கணக்கேடுகளையும் கடிதங்களையும் மாணவருக்குத் திறந்துவையுங்கள். முற்காலத்தில் யாருக்கு இடம் தந்தீர்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினீர்கள் என்பதை அவர்களே ஆராய்ந்து எழுதட்டும். கல்லூரி தேடும் பெற்றோரும், கட்டடத்தின் உயரத்தையும் வேலை வாய்ப்பையும் விசாரிக்கும்போதே, தன் குறையைத் தானே கற்பிக்கும் நேர்மை அங்கு உண்டா என்பதையும் தவறாமல் விசாரிக்க வேண்டும்.