ஏசி மாட்டறதுக்கு முன்னாடி ஒயரைப் பாருங்க சாமி!

ஏசி வாங்கறதுக்கு நம்மாளுங்க பண்ற ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டமே குடுக்கலாம். மூணு ஸ்டாரா அஞ்சு ஸ்டாரா, ஒரு டன்னா ஒன்றரை டன்னா, காப்பர் காயிலா அலுமினியமான்னு ஒரு மாசம் ஓடும். சரி, மாட்டறது எப்படின்னு கேட்டா, "கடையில இருந்தே ஆள் வருவான், இன்ஸ்டலேஷன் ஃப்ரீ"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. என் கட்சி இதுதான் மக்களே: விண்டோ ஏசியில பெட்டி பாதி, மாட்டறது பாதி. அந்த ரெண்டாவது பாதியில கஞ்சத்தனம் கூடாது.

முதல்ல கரண்ட். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது சுமாரா 1,600 வாட் இழுக்குதுன்னு வச்சுக்குங்க. 230 வோல்ட்டால வகுத்தா 7 ஆம்பியர். ஃபேன், டிவி சொருகற சின்ன பிளக் பாயிண்ட் தாங்கறது 6 ஆம்பியர். சாதாரண கம்ப்ரஸர் கிளம்பற அந்த நொடியில இன்னும் பல மடங்கு இழுக்கும். பழைய வீடுகள்ல ஒயரிங் பண்ணின காலத்துல ரெண்டு டியூப்லைட், ரெண்டு ஃபேன், அவ்வளவுதான் கணக்கு. அதே லைன்ல ஏசியையும் தொங்கவிட்டா, சுவத்துக்குள்ள ஒயர் சூடாகறது யார் கண்ணுக்கும் தெரியாது. அடிக்கடி ஃப்யூஸ் போகுதேன்னு தடிமனான கம்பியா பார்த்துக் கட்டற மகானுபாவர்களும் உண்டு. ஃப்யூஸ் போறதே ஒயரைக் காப்பாத்தத்தான் சாமி! மெயின் போர்டுல இருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் பாயிண்ட். இதுல பேரமே கூடாது.

அடுத்தது எர்த். பல வீட்டுல பிளக் பாயிண்ட்ல மூணாவது ஓட்டை இருக்கும், பின்னாடி ஒயர் இருக்காது. ஏசி பெட்டி இரும்பு, உள்ள தண்ணி, ஜன்னல் கம்பியும் இரும்பு. கரண்ட் கசிஞ்சா, கம்பியைப் பிடிச்சு வேடிக்கை பார்க்கற குழந்தைதான் எர்த். எம்சிபி இந்தக் கசிவுக்கெல்லாம் விழாது. அதுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேணும்.

அப்புறம் ஜன்னல். பெட்டியோட ரெண்டு பக்கமும், மேலயும் பட்டை பட்டையா காத்துத் துவாரம் இருக்கும். அதெல்லாம் சுவத்துக்கு வெளிய இருக்கணும். 9 இஞ்ச் சுவத்துக்குள்ள புதைச்சா காத்து போகாது, ரூமும் குளிராது, அப்புறம் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்ல. பின்பக்கம் லேசா தாழ்ந்து இருக்கணும், தண்ணி வீட்டுக்குள்ள வராம இருக்க. பல மாடல்கள்ல பின்னாடி ஃபேனே அந்தத் தண்ணியை வாரிச் சூடான காயில் மேல அடிக்கும். ஆனா சென்னைப் புழுக்கத்துல மிஞ்சறது நிறைய. அதுக்கு ஒரு குழாய் போடுங்க, கீழ்வீட்டு மாமியோட வடாம் பொழைக்கும் :-) பெட்டியே 50 கிலோ பக்கம் வரும், அடியில இரும்பு ஆங்கிள் கட்டாயம். கீழ ஜனங்க நடமாடுற இடம்.

"வாடகை வீட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு? காலி பண்ணும்போது ஒயரை உருவிட்டா போக முடியும்?" நியாயமான கேள்வி. லைன் வீட்டோடதான் தங்கப் போகுது, அதனால ஓனர்கிட்ட பாதியைக் கேளுங்க. சம்மதிக்கலைன்னா, அஞ்சு ஸ்டாருக்குப் பதிலா மூணு ஸ்டார் வாங்கி, மிச்சத்தை ஒயர்ல போடுங்க. மாசாமாசம் கரண்ட் பில் கொஞ்சம் கூட வரும். வரட்டும். வீட்டுல எல்லாரும் கதவைச் சாத்திட்டுத் தூங்கற ராத்திரியில ஓடப்போற மிஷின் அது.

டிஸ்கி: நான் வெறும் பொட்டி தட்டறவன். மல்டிமீட்டர் கையில இருந்தாலும் போர்டைத் திறக்க எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடறேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க.