பாடத்திலும் தேதி வேண்டும்

உழவர் பயிற்சிப் பாடங்கள் இப்போது செல்போனுக்கே வருகின்றன. 2002-ல் வெளியான மூடில் போன்ற பயிற்சி மென்பொருளில் துண்டுப்பிரசுரம், படம், ஒலிப்பதிவு, வீடியோ எதையும் கோப்பாகச் சேர்க்கலாம். சேர்ப்பது எளிது, பழையதை நீக்குவதில்தான் அசட்டை வந்துவிடுகிறது.

எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன் தயாரித்த பாடம் நீக்கப்படாமல் கிடந்தால், அதை நம்பும் சிறு விவசாயி தடை செய்த நஞ்சைத் தேடிப் போவார்.

ஆகவே பாடம் சேர்ப்பவர்கள் ஒவ்வொரு கோப்பிலும் பயிர், பருவம், தயாரித்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் அவற்றைச் சரிபார்ப்பது அவசியம். தேதியில்லாத பாடத்தை உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்த பின்பே கடைப்பிடிப்பது நல்லது. மருந்து டப்பாவில் காலாவதித் தேதி பார்க்கும் உழவர், பாடத்திலும் தேதி பார்க்க வேண்டும்.