தண்டுவடப் பிளவும் மருத்துவ ஆய்வுகளும்

கருவுற்ற முதல் 28 நாட்களுக்குள், பின்னர் மூளையும் தண்டுவடமுமாக வளரவேண்டிய நரம்புக்குழல் மூடிக்கொள்ளுதல் இயல்பு. அஃது ஓரிடத்தில் மூடாது நின்றுவிடின் உண்டாவதே ஸ்பைனா பிஃபிடா என வைத்தியர் வழங்கும் தண்டுவடப் பிளவு. கடுமையாயின், கால்கள் வலுவிழத்தலும், மலசலம் அடக்கவியலாமையும், தலையில் நீர் கோத்தலும் நேரும். இழந்த நரம்பின் வலிமையை முற்றும் மீட்டுத்தரும் மருந்து இன்னும் இல்லை. எனவே, புதிய சிகிச்சைகளைச் சோதித்தறியும் ஆய்வுகளிற் சேரலாமோ என்று இக்குழந்தைகளின் பெற்றோர் வினவுகின்றனர். சேரலாம் என்பதே எமது துணிபு; ஆயின் தாமே தேடிப் படித்துத் தெளிந்து சேரவேண்டும்.

"எம் மக்கள் சோதனைச்சாலை எலிகளோ?" எனச் சினப்பாருமுளர். அச்சினம் நியாயமற்றதன்று. எனினும் இவ்வுலகம் இப்பிறவிக்குறையைப் பற்றி உறுதியாய் அறிந்தவற்றுட் பெரும்பகுதி, தாய்மார் மனமுவந்து ஆய்விற் சேர்ந்ததனாலேயே கிடைத்தது. 1983-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிச் சபையார் தொடங்கிய ஆய்வில், முன்னர் இக்குறையுடைய கருவைச் சுமந்த 1817 பெண்கள், 7 நாடுகளிலிருந்து சேர்ந்தனர். யார்க்கு ஃபோலிக் அமிலம், யார்க்கு அஃதில்லாத மாத்திரை என்பது சீட்டுப்போட்டாற்போலத் தீர்மானிக்கப்பட்டது. 1991-இல் கணக்கெடுத்தபோது ஃபோலிக் அமிலம் பெற்றோரிடை 6 கருக்களும், ஏனையோரிடை 21 கருக்களும் இக்குறையுற்றிருந்தன. அவ்வளவில் ஆய்வை நிறுத்தினர். பயன் வெளிப்பட்டபின் ஒரு சாரார்க்கு அதனை மறுத்தல் அறமாகாதன்றோ? நம் நாட்டில் 1988-இல் தொடங்கிய இத்தகையதோர் ஆய்வும் அம்முடிவு கேட்டே நிறுத்தப்பட்டது.

அமெரிக்க ஆய்வு இதனினும் வியக்கத்தக்கது. கருப்பையைத் திறந்து, உள்ளிருக்கும் சிசுவின் முதுகைத் தைப்பது நலமோ, பிறந்தபின் தைப்பது நலமோ என்பதை அறிய 2003-இல் மூன்று மருத்துவமனைகள் முற்பட்டன. அதுமுடியுங்காறும் தாங்கள் அவ்வறுவையைச் செய்வதில்லையென்று அந்நாட்டின் மற்றை மருத்துவமனைகள் உடன்பட்டன. 183 பெண்கள் சேர்ந்தபின், 2010-இல் நிறுத்தி, மறுவருடம் முடிவை வெளியிட்டனர். தலைநீரை வடிக்கும் குழாய் ஓராண்டிற்குள் பொருத்தப்பட்டோர், முன்னர்த் தைக்கப்பட்டவருள் நூற்றுக்கு 40. பின்னர்த் தைக்கப்பட்டவருள் 82. துணையின்றி நடந்தோரும் முன்னவருள் இருமடங்கினர். இலாபம் மட்டுமன்று: குறைமாதப் பிரசவம் மிகுந்தது, தாயின் கருப்பைத் தழும்பு நலிந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறாத வைத்தியர் பாதியே கூறினாராவர்.

ஈண்டுக் காலமே பெரும் இடர். அவ்வறுவை 26 வாரம் நிரம்புமுன் செய்யப்படவேண்டியது. குறையோ பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துப் படப்பரிசோதனையிலேயே புலப்படும். இடையில் சில வாரங்களே உள. அதற்குள் எங்கே கேட்பதென்றறியாமற் பெற்றோர் திகைப்பர். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் 2007-இல் ஏற்பட்ட சி.டி.ஆர்.ஐ. என்னும் அரசாங்கப் பதிவேட்டிற் காணப்படும். பிற நாடுகளின் ஆய்வுகட்கு 2000-இல் திறக்கப்பட்ட அமெரிக்கப் பதிவேடு உதவும். இரண்டையும் எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். ஸ்பைனா பிஃபிடா என்னும் பெயரோடு நில்லாமல், மைலோமெனிங்கோசீல் என்றும், நரம்புக்குழற் குறையென்றும், வளர்ந்தோராயின் சிறுநீர்ப்பை நோயென்றும் பல பெயராலும் தேடல் வேண்டும். எவரைச் சேர்ப்பர், எவரை விலக்குவர், யாரிடம் விசாரிப்பது என்பன அங்கே எழுதப்பட்டிருக்கும். எழுதியிருப்பது ஆங்கிலத்தில், அதுவும் ஆங்கிலம் கற்றாரையே மயக்கும் ஆங்கிலம். நம் கல்லூரி மாணவர் இதனை அயல்வீட்டார்க்கு வாசித்துப் பொருள் கூறின், அஃது ஒரு மாலைப்பொழுதின் வேலையே. ஆயின் சேர்க, சேரற்க என்று தீர்ப்பளித்தல் வாசிப்போர் தொழிலன்று.

பதிவேட்டிற் பெயரிருத்தல் மட்டும் நற்சான்றன்று. நீதிநெறிக் குழுவின் ஒப்புதல் உளதோவென்று நோக்குக. ஸ்டெம் செல் ஊசியால் கால் நடக்கும் என்று கூறி இலட்சக்கணக்கிற் பணம் கேட்போர் ஆய்வாளரல்லர், வணிகர். கலிபோர்னியாவில் 2021-இல் தொடங்கிய ஸ்டெம் செல் ஆய்வுகூட, கருவிலிருக்கும் சிசுவுக்கு அறுவையோடு சேர்த்துச் செய்வதேயன்றி, வளர்ந்த பிள்ளைக்கு ஊசி போடுவதன்று.

சம்மதப் பத்திரம் தமிழில் வேண்டுமெனக் கேட்டுப் பெறுக. அதனை வீட்டிற்குக் கொண்டுசென்று பெரியோரோடு கலந்து மறுநாள் தருகிறோமென்றல் மரியாதைக் குறைவாகாது. ஆய்வால் தீங்கு நேரின் இலவச சிகிச்சையும் ஈட்டுத்தொகையும் 2019-ஆம் ஆண்டின் விதிகளில் உள்ளன. அவை பத்திரத்தில் உளவோவெனப் பார்க்க. சேர்ந்தபின் எக்காலத்தும் காரணங் கூறாமலே விலகலாம். விலகியதுபற்றி அம்மருத்துவமனையார் வழக்கமான சிகிச்சையைக் குறைத்தலாகாது.