கல்லறையிலும் தாய்மொழி

பேரரசுகளின் வரலாற்றை வென்றவர் எழுதி வைத்தனர். அவ் வரலாற்றில் இடம்பெறாத எளியோர் தம் செய்தியைப் புதைகுழிகளில் விட்டுச் சென்றனர். உரோமப் பேரரசின் புறநாடுகளில் அகழப்பெற்ற இடுகாடுகள் இதற்குச் சான்றாம்.

ஊரெல்லைக்குள் பிணத்தைப் புதைத்தலையும் எரித்தலையும் உரோமரின் பழஞ்சட்டம் தடுத்தது. ஆதலின் கல்லறைகள் ஊர்ப்புறத்துப் பெருவழிகளின் மருங்கே எழுந்தன. பிணத்தை எரித்துச் சாம்பலைக் கலத்திலிடும் வழக்கம் கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளில் தளர, உடலைப் புதைக்கும் வழக்கம் ஓங்கிற்று. சில குழிகளில் வாயில் ஒரு காசு. மறுமையாற்றைக் கடத்தும் ஓடக்காரனுக்குக் கூலி! சிலவற்றில் அடியில் இருப்பாணி அறைந்த செருப்பு, மட்கலம், விளக்கு, கண்ணாடிக் குப்பி.

இப்பொருள்களைக் கொண்டே இறந்தார் இன்ன நாட்டார் என்று துணிதல் இடர்ப்பாடுடைத்து. இங்கிலாந்தில் வின்செசுட்டரை அடுத்த இலாங்கில்சு இடுகாட்டை 1967 முதல் 1972 வரை அகழ்ந்தபோது, சில உடல்களின்மேல் அணிந்தவாறே கிடந்த அணிகலன்களைக் கண்டு, அவர்கள் தன்யூபு ஆற்றங்கரையினின்று வந்தோர் என்றனர். பின்னாளில் பற்களில் படிந்த நிலநீர்க் கூறுகளை ஆய்ந்தபோதோ, அவருட் சிலர் பிரித்தானிய மண்ணிலேயே வளர்ந்தவர் எனத் தெரிந்தது. அணிகலனைக் கொண்டு குருதியை அளத்தல் ஆகாது.

கல்லில் வெட்டிய எழுத்தின் நிலை வேறு. 1878இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், சவுத்து சீல்டுசு என்னும் ஊரில் ஒரு நினைவுக்கல் கிடைத்தது. காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. எடுப்பித்தவன் சிரியப் பாலையின் பல்மைரா நகரத்தானாகிய பராத்தெசு. அவன் இழந்தவள் இரெகீனா. தென்பிரித்தானியக் குடியொன்றிற் பிறந்து, அடிமையாகி, விடுதலைபெற்று, அவனுக்கே மனைவியாகி, 30 அகவையில் மறைந்தவள். பின்னல் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றாள். மடியில் நூற்கும் கோலும் கதிரும். ஒருபால் கம்பளிநூற் கூடை, மறுபால் அணிகலப் பேழை.

கீழே ஆட்சிமொழியாகிய இலத்தீனில் சில வரிகள். வேற்றுமைகள் பிழைபட்டுக் கிடக்கின்றன. அவற்றின் கீழே அவன் தாய்மொழியில், பல்மைரா எழுத்தில், செப்பமாக ஒரே வரி.

மொழி கருத்தறிவிக்கும் கருவிதானே, எம்மொழியாயின் என் என வினவுவோர் இக்கல்லின்முன் சற்று நிற்பாராக! அவ் வடகோடியில் அவ்வரியைப் படிக்க வல்லார் எத்துணைப்பேர் இருந்திருப்பர்? மிகச் சிலரே போலும். இறந்தவளும் அம்மொழிக்கு உரியவளல்லள். ஆயினும் வெட்டுவித்தான். அகவையும் குடியும் நாடும் இலத்தீனில் அடங்கின. தாய்மொழி வரியில் உள்ளவை அவள் பெயர், அவன் பெயர், அவன் அவளுக்கு ஈந்த விடுதலை, இறுதியில் 'அந்தோ' என்னும் ஒரு சொல். இலத்தீன் வரிகளில் அச்சொல் இல்லை.