கொழுகொழு கன்னமும் இளைக்கும் மூச்சும்

"பையன் நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கான். இந்த வீசிங் மட்டும் விட மாட்டேங்குது. எல்லாம் பனியாலதான்." மூணாறு, தேவிகுளம் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. மறையூர் வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தால், பனிக்குப் பதில் கணவாய்க் காற்றின் மேலும் புழுதியின் மேலும் பழி விழும். பிள்ளையின் எடையை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை.

பனியும் புழுதியும் விறகடுப்புப் புகையும் எஸ்டேட் லயத்துச் சுவரில் பூத்த பூஞ்சையும் மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பது உண்மைதான். ஒல்லியான பிள்ளைக்கும் ஆஸ்துமா வரும். குண்டான பிள்ளைகள் எல்லாருக்கும் வந்துவிடுவதும் இல்லை. ஆனால் அதிக எடை அந்த அபாயத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை அலசி 2018இல் வெளிவந்த ஆய்வு, உடல் பருமனுள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல் என்று கண்டது. வயிற்றிலும் நெஞ்சிலும் சேர்ந்த கொழுப்பு நுரையீரலை முழுதாக விரியவிடாது. சின்ன மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளும். கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் போன்ற பொருள்கள் உடம்பில் அழற்சியையும் தூண்டுகின்றன. பருமனான பிள்ளைகள் சிலருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எதிர்பார்த்த அளவு கேட்காமல் போவதும் உண்டு.

கொழுத்த பிள்ளையைக் கண்டு நம் தாய்மார் பூரிப்பது ஏன் என்று எனக்குப் புரிகிறது. 2000க்குப் பின் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பல மூடிக்கிடந்தபோது பட்டினி கிடந்த குடும்பங்கள் இங்கே உண்டு. 2013இல் அட்டப்பாடியில் சத்துக்குறைவோடு பச்சிளம் குழந்தைகள் இறந்ததும் இதே பாலக்காடு மாவட்டத்தில்தான். பசியைப் பார்த்த கண்ணுக்குச் சதை என்றால் நிம்மதி. ஆனால் இன்று அந்தச் சதை கஞ்சியிலும் பயறிலும் ஊறியதல்ல. பேக்கரி பப்ஸிலும் பாக்கெட் சிப்ஸிலும் கலர் பாட்டிலிலும் ஊறியது.

எனக்குக் கோபம் வருவது அடுத்த நம்பிக்கையில்தான்: "மூச்சு வாங்கும், ஓடாதே." பந்து விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் போனையும் ஒரு தட்டு பழம்பொரியையும் கொடுக்கிறோம். எடை ஏறுகிறது, இளைப்பு கூடுகிறது, இன்னும் இறுக்கி உட்காரவைக்கிறோம். "பழகிப்போயிடும், உடம்பு ஊதிடும்" என்று பயந்து இன்ஹேலரையும் நிறுத்திவிடுகிறோம். இன்ஹேலர் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அதை நிறுத்தி, இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது தரவேண்டியிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரைதான், அடிக்கடி உள்ளே போனால், பசியைக் கிளப்பி உடம்பை ஊதவைக்கும். எதற்குப் பயந்தோமோ அதையே வரவழைக்கிறோம்.

கேரள அரசு 2016இல் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை இருந்த அது பிராண்டு உணவகங்களுக்கான வரி. பஸ் ஸ்டாப் பேக்கரிக்கு அல்ல. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாதென்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. எஸ்டேட் பள்ளி வாசல்களில் அந்த விதி நடக்கிறதா என்று பெற்றோர்களே கேட்க வேண்டும். விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுக்கும்போதும் கேட்க வேண்டும். டாக்டர் சொன்ன இன்ஹேலர் பையில் இருக்கட்டும், குளிர்காலையில் மூக்கை மூட ஒரு மப்ளர் இருக்கட்டும், முதல் பத்து நிமிஷம் மெதுவாக நடந்து உடம்பு சூடாகட்டும்; பிறகு பிள்ளை மற்றவர்களோடு ஓடட்டும்.